மூக்கைக் கொஞ்சம் குறைக்கவும்

முதல் நாள் வரைந்தது மழை.
தோ பாயோ அடுக்குமாடியில் ஒரு மின்தூக்கி,
உள்ளே குடை பிடித்த ஐந்து பேர்.
வெளியே நல்ல வெயில்.
"யாரைச் சொல்றீங்க?" என்றார் ஆசிரியர் தைரியநாதன்.
"மின்தூக்கியை."
"அப்பச் சரி."

அந்த 'அப்பச் சரி'க்குள்தான்
இருபத்தொன்பது வருடம் குடியிருந்தேன்.

மூன்று பத்தி அகலம், பதினான்கு சென்டிமீட்டர் உயரம்.
அதற்குள்
பொருள் சேவை வரியும் வீட்டு விலையும்
கார் வாங்கும் உரிமைச் சீட்டும்
சுமத்ராவிலிருந்து விசா இல்லாமல் வரும் புகையும்
முழங்கால் இடிக்காமல் உட்கார வேண்டும்.

ஒன்பதரைக்குப் பக்கம் முடியும்.
ஒன்பதே காலுக்குச் சீட்டு வரும், பச்சை மையில்:
மூக்கைக் கொஞ்சம் குறைக்கவும்.
குறைத்தேன்.
வயிற்றை.
குறைத்தேன்.
நாற்காலி எதற்கு இவ்வளவு பெரிது?
அதை மட்டும் குறைக்க மனம் வரவில்லை.
இருக்கையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்தேன்.
"யாரு நாற்காலி இது?"
"உணவங்காடி நாற்காலி சார். யாரோ இடம் பிடிச்சு வச்சிருக்காங்க."
நெடுநேரம் பார்த்தார்.
"அப்ப மேசையும் போடுங்க."

போட்டேன்.
அச்சில் பார்த்தபோதுதான் தெரிந்தது:
பெரிய நாற்காலி, ஒரு டிஷ்யூ பொட்டலம்,
எதிரே தட்டில்லாத வெறும் மேசை.
மேசை வந்த பிறகுதான் படம் முழுசானது.
தெரிந்துதான் சொன்னாரா தைரியநாதன்?
நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எடுக்கச் சொல்லியிருப்பார்.

கையெழுத்துக்குப் பதில் மூலையில் ஒரு பல்லி போடுவேன்.
எங்கள் வீட்டில் பல்லிப் பலன் பார்ப்பதில்லை.
பூன் லேயிலிருந்து கஜலட்சுமி என்பவர்
வாராவாரம் அழைப்பார்:
"தம்பி, இன்னிக்குத் தெற்கே பாக்குதே, என்ன பலன்?"
யாரோ ஒருவர் அதன் முதுகுக் கோடுகளை எண்ணி
நாலு நம்பர் எடுத்தாராம்.
ஆறுதல் பரிசு, அறுபது வெள்ளி.
என் பேனா இந்நாட்டில் உண்டாக்கிய,
ரசீதோடு நிரூபிக்கக்கூடிய
ஒரே மாற்றம்.

அப்புறம் அந்தத் தொலைபேசி.
பேருந்து நிறுத்தத்தில் ஓர் அமைச்சர்,
காத்திருந்து காத்திருந்து முழங்கால்வரை தாடி.
இரண்டு நாள் வாதாடி அச்சேற்றிய படம்.
"அமைச்சருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.
மூலப்படம் கிடைக்குமா?
சட்டம் போட்டு மாட்டணும்."
சட்டம் போட்டு மாட்டுவதுதானே அவர்கள் தொழில் என்று
அலுவலகமே சிரித்தது.

எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.
அடித்தது வலிக்கவில்லை என்பதை
எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்!
"சுட்ட கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி," என்றாள் ஜொஹரா,
தோசைக்கு மாவை எடுத்தபடி.
"சத்தம் பெருசு. ஈரம் எங்கே?"

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
சுவரில் ஏற்கெனவே மூவர்:
சீனப் பத்திரிகைக்காரர், மலாய், ஆங்கிலம்,
ஒரே அளவுச் சட்டம், ஒரே அளவுக் கண்ணாடி.
நாலாவது ஆணி எனக்கு.
அமைச்சர் கை குலுக்கினார், கோப்பி கொடுத்தார்.
நல்ல மனிதர், அதுதான் தொந்தரவு.
"தாடி கொஞ்சம் சின்னதா இருந்திருக்கலாம்," என்று
அவரே சிரித்தார்.
நானும் சிரித்தேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

அன்றிரவு வரைந்தது:
ஒரு சுவர்.
நாலு ஆணி. படம் எதுவும் இல்லை.
ஆணிகளுக்கு நடுவே பல்லி,
வழக்கத்தைவிடக் கொழுத்து.

ஒன்பதே காலுக்குச் சீட்டு வந்தது.
பல்லியைக் கொஞ்சம் குறைக்கவும்.

குறைத்தேன்.
எழுதுகோலின் நுனி தொடும் அளவுக்கு,
பிறகு அதைவிடவும்.
அச்சில் அது ஒரு புள்ளியாகக்கூட விழவில்லை.

காலை ஏழு மணிக்கு கஜலட்சுமி:
"தம்பி, பல்லியக் காணோமே."
"இருக்கும்மா."
"அதான். எந்தப் பக்கம்னுதான் தெரியல.
ஆனா சொல்லுது."